கஞ்சத்தனம் கலவாத சிக்கனம்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை செலவைப் பற்றியவை. அவற்றுள், பணமும் கையில் நிற்க வேண்டும், வாழ்க்கையும் சப்பென்று போய்விடக் கூடாது என்ற தவிப்போடு எழுதப்பட்ட சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

வாசகி, வேளச்சேரி

*கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். இருவருக்குமாகக் கைக்கு வருவது 78,000 ரூபாய். வாடகை 19,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் சேர்ந்து மாதத்துக்கு 14,000 ஆகிறது. கைப்பேசித் தவணை 2,900, ஸ்கூட்டர் தவணை 3,600. கடன் அட்டையில் 60,000 ரூபாய் பாக்கி. மாதம் குறைந்தபட்சத் தொகையான மூவாயிரத்தை மட்டும் கட்டி வருகிறோம். மின்சாரம் ஒவ்வொரு முறையும் 540 யூனிட் அளவில் வருகிறது. ஓராண்டாகக் கணவர் கடுமையாகச் சிக்கனம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவது நின்றுவிட்டது, நாளிதழ் நின்றுவிட்டது, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் நின்றுவிட்டது. வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்படியும் மாதக் கடைசியில் மிச்சம் என்று ஒன்றும் நிற்பதில்லையே, ஏன்?*

உங்கள் கணவர் கைவைத்த இடம்தான் தவறு. நிறுத்திய செலவுகளை முதலில் கூட்டிப் பாருங்கள். நாளிதழுக்கு மாதம் முந்நூறு ரூபாய் என்று கொள்வோம். பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நான்கு பேரும் போய், சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் தின்று, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்துத் திரும்ப ஒரு தடவைக்கு முந்நூறு என்றால், நான்கு ஞாயிறுகளுக்கு 1,200. ஆக, ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி முழுவதையும் விலையாகக் கொடுத்து நீங்கள் மிச்சம் பிடித்தது 1,500 ரூபாய்.

இப்போது கடன் அட்டைக்கு வருவோம். பாக்கித் தொகைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்பது நம் நாட்டில் சாதாரணமாக வசூலிக்கப்படுவதுதான். அறுபதாயிரத்துக்கு அது 2,100 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 378 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,478. அதாவது, நீங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலுத்தும் மூவாயிரத்தில் அசலில் கழிவது ஐந்நூற்றுச் சொச்சம் மட்டுமே. இனிமேல் அந்த அட்டையில் ஒரு குண்டூசிகூட வாங்காமல் மாதாமாதம் இதே மூவாயிரத்தைக் கட்டிக்கொண்டே போனாலும், கடன் தீர மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

வீட்டில் நகை இருக்குமானால், அதை ஒரு வங்கியில் வைத்து அறுபதாயிரம் வாங்கி அட்டைப் பாக்கியை ஒரே மூச்சில் அடைத்துவிடுங்கள். வங்கி நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி ஏறக்குறையப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், முதல் மாத வட்டி ஐந்நூறு ரூபாய்தான் ஆகும். அதே மூவாயிரத்தை இங்கே கட்டினால் 22 மாதங்களில் நகை வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆனால் நகைக்கடன்களில் பல, ஓராண்டு முடிவில் மொத்தமாகக் கட்டு அல்லது புதுப்பி என்ற முறையில் தரப்படுபவை. ஆகையால், அசலை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கட்ட இடம் உண்டா என்று கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நகையை அடகு வைப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அட்டைக்காரருக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வட்டி போவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கடனை அடைத்த அன்றே அந்த அட்டையையும் மூடிவிடுங்கள். திறந்து வைத்திருந்தால் அடுத்த தீபாவளிக்குள் இரண்டு கடன்களாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும்; 500 என்ற எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகள் சலுகை விலையில் கணக்கிடப்படுகின்றன. 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது; ஒரே ஒரு யூனிட் கூடியதற்காகக் கட்டணத்தில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். எல்லைக்கு மேலே போகும் யூனிட்டுகளின் விலையோ இன்னும் அதிகம். நீங்கள் நாற்பது யூனிட் தாண்டி நிற்கிறீர்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில் அதே காற்றைக் கொடுக்கும். ஒரு விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சமாகிறது. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டை மாற்றினாலே 540 என்பது 475 ஆகிவிடும். வாடகை வீடாயிற்றே என்று தயங்க வேண்டாம். வீட்டுக்காரருடைய பழைய விசிறிகளைப் பரணில் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

வாடகை உங்கள் வருமானத்தில் கால் பங்குதான். அதைத் தொட வேண்டாம். பள்ளி, வேன் ஆகியவற்றையும் இப்போது கலைக்க வேண்டியதில்லை. கைப்பேசித் தவணையும் ஸ்கூட்டர் தவணையும் சேர்ந்து மாதம் 6,500 ரூபாய். அவை முடிகிற மாதத்தில் எந்தக் கடைக்காரரும் உங்களுக்கு அடுத்த பொருளைக் காட்டாமல் விடமாட்டார். அந்த மாதமே அதே 6,500 ரூபாய்க்கு அஞ்சலகத்தில் ஓர் ஆர்.டி. தொடங்கிவிட்டால், பணம் கணக்கிலிருந்து போகும் பழக்கம் மாறாது, போய்ச் சேரும் இடம் மட்டும் மாறிவிடும்.

உங்கள் கணவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கையிலிருந்து எண்ணிக் கொடுக்கிற பணம் உறுத்துகிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற பணம் உறுத்துவதில்லை. ஆகவே, நமக்கு மகிழ்ச்சி தருகிற சின்னச் செலவுகளையே பெரும்பாலோர் முதலில் வெட்டுகிறார்கள். வருகிற ஞாயிறே கடற்கரைக்குப் போய்வாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால், உங்களுக்குப் பயணச் செலவும் கிடையாது.

வாசகி, திருச்சி

*மாடித் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?*

முதல் ஆண்டில் நிச்சயமாக இல்லை. பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், பந்தலுக்குக் கம்பி என்று வாங்கி முடித்த பிறகு, நீங்கள் பறிக்கும் முதல் தக்காளியின் அடக்க விலையைக் கணக்கிட்டால் தூக்கம் வராது. தக்காளி, வெங்காயத்தையெல்லாம் உழவர் சந்தைக்கு விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய், இரண்டு வகைக் கீரை ஆகியவற்றோடு நின்றால், உடைந்த வாளியும் பழைய எண்ணெய் டின்னுமே போதும். செலவும் இல்லை, மாலையில் அரை மணி நேரம் மாடியில் நிற்க ஒரு காரணமும் கிடைக்கிறது.

வாசகர், மதுரை

*வயது 26. தனியார் நிறுவனத்தில் 24,000 ரூபாய் சம்பளம். அதில் எட்டாயிரம் வீட்டுக்குக் கொடுக்கிறேன். நண்பர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மால், சினிமா, பிரியாணி என்று கிளம்புகிறார்கள். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் ஆகிறது. போகாவிட்டால் கஞ்சன் என்கிறார்கள். நண்பர்களையும் இழக்காமல் பணத்தையும் காப்பாற்ற முடியுமா?*

மாதம் நான்கு சனிக்கிழமைக்கு 4,800 ரூபாய் என்பது, வீட்டுக்குக் கொடுத்தது போக உங்களிடம் இருப்பதில் முப்பது விழுக்காடு. அது உங்கள் தகுதிக்கு மீறிய செலவு என்பதில் ஐயமில்லை. ஆனால் நண்பர்கள் வேண்டாம் என்று சொல்பவனும் நான் அல்லேன். எங்கே போவது என்பதை யார் முதலில் சொல்கிறாரோ அவர் சட்டைப்பைக்கு ஏற்றபடிதான் கூட்டம் முழுவதும் செலவழிக்கும். ஆகையால், வியாழக்கிழமையே முந்திக்கொண்டு இடத்தைச் சொல்பவராக நீங்கள் மாறிவிடுங்கள்.

நீங்கள் இருப்பது மதுரையில். இதைவிடக் குறைந்த செலவில் ஊர் சுற்ற வாய்த்த நகரம் தமிழ்நாட்டில் அரிது. ஞாயிறு விடியற்காலையில் நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடிக்குப் போங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமர நிழலில் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் வழியாகச் சமணர் மலை மேல் ஏறினால், பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு சுனையும், அதன் மேலே வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கலாம்; தொட வேண்டாம். மலையின் மறுபுறத்தில் செட்டிப்புடவு என்ற குகைத்தளம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், தண்ணீர் எடுத்துப்போக வேண்டும், மேலே ஒன்றும் கிடைக்காது. இறங்கி வந்து, வழியில் ஏதாவது ஒரு கடையில் இட்லியும் கறிக்குழம்புமாக ஒரு பிடி பிடித்தாலும் ஆளுக்கு இருநூறு ரூபாயைத் தாண்டாது. இன்னொரு வாரம் கீழடிக்குப் போகலாம். 2023 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டது. பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களைப் பார்த்துக்கொண்டே அரை நாளைக் கழித்துவிடலாம். நூல் படிக்கும் நண்பர் ஒருவராவது இருப்பார். அவரோடு புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வாருங்கள், உள்ளே போகக் கட்டணம் இல்லை, குளிர்சாதன வசதியும் உண்டு.

பிரியாணியை அடியோடு விட்டுவிட வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை போங்கள். அன்றைக்குக் கணக்குப் பார்க்காமல் சாப்பிடுங்கள். இன்னொன்றும் சொல்வேன்: அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரிடம் உங்கள் சம்பளத்தையும் வீட்டு நிலையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்களைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு பங்குப் பணம் கொடுப்பவர் இன்னும் ஒருவராவது அதே கூட்டத்தில் இருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு தந்தை, ஈரோடு

*மகளுக்கு அடுத்த ஆண்டு திருமணம். சேமிப்பு 12 லட்சம். மகளும் மருமகனாக வரப்போகிறவரும் எளிமையாகப் போதும் என்கிறார்கள். என் மனைவியும் உறவினர்களும் பெரிய மண்டபம், வரவேற்பு, குறைந்தது பத்துப் பவுன் நகை என்கிறார்கள். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது?*

சாப்பாட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். வந்தவர்கள் மேடை அலங்காரத்தையும் பூவளைவையும் மறுநாளே மறந்துவிடுவார்கள். பந்தியில் ரசம் நன்றாக இருந்ததைப் பத்து ஆண்டு கழித்தும் சொல்வார்கள். ஆயிரம் பேருக்கு நாற்பது வகை போட்டு, பாதியை இலையோடு சுருட்டி எறிவதைவிட, முந்நூறு பேரை அழைத்து, பதினைந்து வகையை ருசியாகச் சமைக்கச் செய்து, நீங்களே பந்தியில் நடந்து ஒவ்வொருவரையும் கேட்டுப் பரிமாறச் செய்வது செலவும் குறைவு, மரியாதையும் அதிகம். முகூர்த்தத்தைக் கோயிலில் வைத்துக்கொண்டு, விருந்துக்கு மட்டும் சிறிய மண்டபத்தை அரை நாளுக்கு எடுக்கலாம். பறக்கும் கேமரா, நுழைவாயிலில் புகை, மேடையில் மினுமினுக்கும் விளக்கு ஆகியவை மகளே வேண்டாம் என்று சொல்லும்போது யாருக்காக?

நகை விஷயத்தில் உங்கள் மனைவியோடு வாதாடுவதற்குப் பதிலாக, உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்துப் பவுன் என்பது 80 கிராம். சேதாரம் 15 விழுக்காடு என்று போட்டால் 12 கிராம், அதாவது ஒன்றரைப் பவுனுக்கான விலை, நகையோடு வீட்டுக்கு வராமலே கடையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. நாளைக்கு மகள் ஒரு வீடு வாங்கவோ தொழில் தொடங்கவோ அந்த நகையை விற்கப் போனால், சேதாரத்தை ஒருவரும் திருப்பித் தரமாட்டார்கள்; கல் பதித்ததாயின் கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். தாலிக்கொடி, ஒரு சங்கிலி, இரண்டு வளையல் என்று மகள் அன்றாடம் அணியக்கூடியவற்றை நான்கைந்து பவுனில் செய்துகொண்டு, மீதிக்கு நாணயமாக வாங்கிக் கொடுத்தால் தங்கத்தின் எடையும் குறையாது, உறவினர் கேட்டால் பத்துப் பவுன் போட்டோம் என்று சொல்வதிலும் பொய் இருக்காது. நாணயத்துக்குச் சேதாரம் மிகச் சொற்பம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

*நாற்பது ஆண்டு சிக்கனமாக வாழ்ந்து இரு பிள்ளைகளையும் படிக்கவைத்து நிலைநிறுத்திவிட்டேன். ஓய்வூதியம் வருகிறது, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பத்து லட்சம் இருக்கிறது. பிள்ளைகள், செலவழியுங்கள் அப்பா என்கிறார்கள். எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. ரயிலில் முதியோர் சலுகையை நிறுத்தியதிலிருந்து நானும் என் மனைவியும் எங்குமே போகவில்லை. இது சரிதானா?*

ஐயா, சரியில்லை என்று உங்களுக்கே தோன்றியதால்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதற்கு முன்பு ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் குறைத்துக் கொடுத்தார்கள். கும்பகோணத்திலிருந்து இராமேசுவரத்துக்கோ சென்னைக்கோ சாதாரணப் படுக்கை வகுப்பில் போய்வர, அந்தச் சலுகை இல்லாததால் உங்களுக்குக் கூடுவது ஆளுக்குச் சில நூறு ரூபாய். அதற்காக உங்கள் மனைவி இத்தனை ஆண்டுகள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஓய்வும் இல்லை என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? நாற்பது ஆண்டு அந்தச் சிக்கனத்தை உங்களைவிட அதிகமாகச் சுமந்தவர்கள், அரிசி களைந்து அடுப்படியில் நின்ற அவர்களாகத்தான் இருக்கும்.

இத்தனை காலம் கட்டிப்போட்ட கை ஒரே நாளில் அவிழாது. ஆகவே ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் சொல்லும் திட்டத்தில் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஆகிய மாதங்களின் முதல் நாளில் கணக்கில் விழுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு 8.2 விழுக்காட்டில் போட்டிருந்தால், பத்து லட்சத்துக்கு ஒவ்வொரு காலாண்டும் 20,500 ரூபாய். நான்கில் மூன்றை வழக்கம்போல வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வருவதை மட்டும் சேமிக்கக் கூடாது என்று விதி செய்துகொள்ளுங்கள். அதை உங்கள் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். உங்கள் ஊருக்கு அருகே திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை நடப்பதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். காவிரிக்கரையில் மணலில் உட்கார்ந்து பெரிய வித்துவான்கள் பாடுவதைக் கட்டணமின்றிக் கேட்கலாம். காலையில் பேருந்து ஏறினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால், செலவழித்துப் பழகாத உங்களுக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கும். இராமேசுவரத்தை அடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னமும் இருக்கிறது, முன்பதிவில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச் செலவுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, அது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமும் மனைவியிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் கையை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அந்தப் பயமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்துவிட்டால் மற்ற பணத்தைத் தொடுவது இத்தனை கடினமாக இருக்காது.

வாசகர், சேலம்

*எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்களே, எந்தச் செலவை நீங்கள் ஒருபோதும் குறைக்க மாட்டீர்கள்?*

இந்த இதழின் சந்தா என்று சொன்னால் ஆசிரியர் மகிழ்வார். உண்மையைச் சொன்னால், காப்பித் தூள். மலிவான தூளை ஒரு கிலோவாக வாங்கி வைத்து மாதம் முழுவதும் மணமில்லாத காப்பியைக் குடிப்பதைவிட, நல்ல கொட்டையை வாரத்துக்கு நூறு கிராம் கண்ணெதிரே அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்து, நாளுக்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்வதே எனக்கு ஒத்துவருகிறது. சிக்கரி இருபது விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம்.